கறுப்பை நம்பாதீர்கள்: கரிசலில் கரிமம் அளந்து ஏற்றும் முறை

சாத்தூர்ப் பக்கம் ஒரு பெரியவரின் புஞ்சையில் மண் எடுக்கப் போயிருந்தேன். "அண்ணாச்சி, மண்ணு கறுகறுன்னு கெடக்கு. இதுல என்ன சத்து கொறையப் போவுது?" என்றார். முடிவு வந்தபோது அங்ககக் கரிமம் 0.32 சதவீதம். அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் போனால் அதிகம் என்பது நம் மண் ஆய்வகங்களில் வழங்கும் அளவுகோல். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க நெலந்தானா?" என்று கேட்டார்.

கரிசலின் கறுப்புக்கும் கரிமத்தின் அளவுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. களியோடு இறுகப் பிணைந்த சிறிதளவு மக்கும், தாதுக்களும் சேர்ந்து கொடுக்கும் நிறம் அது. விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் புஞ்சைகளில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்கிறது. அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மழை. மீதி மாதமெல்லாம் வெயில். வெயிலில் மக்கு வேகமாகக் கரைகிறது, மழைக்குறைவால் செடியிலிருந்து திரும்பி வருவதும் சொற்பம். இந்த அத்தியாயத்துக்கு இவ்வளவு கோட்பாடு போதும்.

பருவம் மாறுவதால் கரிமத்தை அளந்து ஏற்றும் வேலை அவசரமாகியிருக்கிறது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஒரு வருடம் காய்ச்சல், இன்னொரு வருடம் வெள்ளம். இரண்டையும் தாங்க, மண்ணுக்கு நீரைப் பிடித்துவைக்கும் குணமும் கட்டி கரையாமல் நிற்கும் குணமும் வேண்டும். இரண்டுமே கரிமத்தால் வருபவை.

முதலில் வீட்டிலேயே செய்யும் இரண்டு சோதனைகள்

ஆய்வகத்துக்குப் போகுமுன் இவற்றைச் செய்துவிடுங்கள். செலவில்லை. எண்ணைவிடக் கண் சீக்கிரம் நம்பும்.

*கட்டி கரைதல்.* உழுத வயலிலிருந்து கோலிக்குண்டு அளவில் காய்ந்த மண்கட்டி மூன்று எடுங்கள். வேலியோரத்திலோ, பல வருடம் ஏர் படாத கருவேல மரத்தடியிலோ அதே அளவில் மூன்று எடுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கொசுவலைத் துண்டில் வைத்து மெல்ல இறக்குங்கள். வயல் கட்டி குமிழ்விட்டு, ஓரம் உதிர்ந்து, சேறாகி அடியில் படியும். மரத்தடிக் கட்டி பெரும்பாலும் அதைவிட நெடுநேரம் உருவம் குலையாமல் நிற்கும். உங்கள் நிலம் எதை இழந்திருக்கிறது என்பதை அந்த இரண்டு டம்ளருக்கு நடுவே பார்க்கலாம். கரிசலில் களி அதிகம் என்பதால் எல்லாக் கட்டியும் ஓரளவு கரையத்தான் செய்யும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

*பருத்தித் துணி.* பழைய வெள்ளைப் பனியன் துணியை (முழுப் பருத்தியாக இருக்க வேண்டும், கலப்புத் துணி ஆகாது) ஒரு சாண் அகலத்தில் வெட்டி, ஐப்பசி விதைப்பின்போது அரையடி ஆழத்தில் புதையுங்கள். குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தோண்டுங்கள். சல்லடையாகிப் பாதி காணாமல் போயிருந்தால் மண்ணில் உயிர் இருக்கிறது. துவைத்து உடுத்தலாம் போல முழுசாக வந்தால் அந்த மண் பட்டினி கிடக்கிறது. கோடையில் இதைச் செய்யாதீர்கள். ஈரமில்லாத மண்ணில் எந்தத் துணியும் அழுகாது.

மண் மாதிரி எடுக்கும் முறை

ஆய்வகம் செய்கிற தவற்றைவிட, மாதிரி எடுக்கும்போது நாம் செய்கிற தவறுதான் பெரிது. அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

1. காலத்தை முடிவு செய்யுங்கள். அறுவடை முடிந்து, எருவோ கிடையோ போடுமுன், கோடை உழவுக்கும் முன். நம் பக்கம் பங்குனிக் கடைசி அல்லது சித்திரைத் தொடக்கம் வசதி. ஒரு முறை எந்த மாதம் எடுத்தீர்களோ, எப்போதும் அதே மாதம்.

2. நிலத்தைப் பிரியுங்கள். கரிசல் வேறு, செவல் வேறு. மேட்டுத் துண்டு வேறு, தண்ணீர் தேங்கும் பள்ளம் வேறு. நாலு ஏக்கருக்கும் ஒரே பை என்று எடுத்தால் யாருக்கும் பயன்படாத சராசரிதான் கிடைக்கும்.

3. ஒவ்வொரு துண்டிலும் பாம்பு நெளிவது போல நடந்து, 10 முதல் 15 இடம் தேர்ந்தெடுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குப்பை கிடந்த இடம், ஆடு அடைந்த இடம், பாதை ஆகியவற்றை விட்டுவிடுங்கள்.

4. மேலே கிடக்கும் சருகை ஒதுக்குங்கள், மண்ணைச் சுரண்டாதீர்கள். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'V' வடிவில் குழி வெட்டி, ஒரு பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுங்கள். மண்வெட்டிக் காம்பில் 15 செ.மீ. உயரத்துக்குச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டால் ஆழம் தப்பாது.

5. வெடிப்புக்குள்ளிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். கோடையில் கரிசல் கை நுழையும் அளவு பிளக்கும். மேல் மண்ணும் சருகும் அதற்குள் விழுந்து கிடக்கும். வெடிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி எடுங்கள்.

6. எல்லாச் சீவலையும் சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் கலந்து, சாக்கில் வட்டமாகப் பரப்பி, கூட்டல் குறி போட்டு நாலாகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீதியைக் கலக்குங்கள். அரைக்கிலோ மிஞ்சும்வரை திரும்பச் செய்யுங்கள்.

7. நிழலில் உலர்த்துங்கள். வெயிலோ அடுப்போ கூடாது. யூரியா, டிஏபி சாக்குகளை எந்தக் கட்டத்திலும் பயன்படுத்தாதீர்கள்.

8. பையினுள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு: பெயர், ஊர், சர்வே எண், துண்டின் பெயர், ஆழம், தேதி, முன் பயிர். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரையும்.

எடுத்த இடங்களைக் கைப்பேசியில் இருப்பிடக் குறியோடு படம் பிடித்துவைக்கப் பழகுங்கள். மூன்று வருடம் கழித்து அதே இடத்துக்கு வர வேண்டியிருக்கும்.

மாதிரியை உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம். அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் வழி கேட்கலாம். 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் சோதிக்கப்படும் 12 குணங்களில் அங்ககக் கரிமமும் ஒன்று. ஆனால் மானாவாரியில் அந்தத் திட்டம் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில் எடுப்பது. அட்டையில் இருக்கும் எண் உங்கள் அண்டை வயலுடையதாகவும் இருக்கலாம். கரிமத்தை ஏற்றிப் பார்க்க நினைப்பவர் தன் மண்ணைத் தானே எடுத்துக் கொடுப்பதுதான் சரி.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியது

"அங்ககக் கரிமம், வாக்லி–பிளாக் முறை" என்று தெளிவாகக் கேளுங்கள். 1934-ல் வெளிவந்த இந்த முறைதான் நம் ஆய்வகங்களில் பரவலாக நடப்பது. மொத்தக் கரிமம் கேட்டால் ஏமாறுவீர்கள். நம் கரிசலில் சுக்கான் கல் கலந்திருக்கும்; அந்தச் சுண்ணாம்புக்குள் இருக்கும் கரிமமும் மொத்தத்தில் சேர்ந்து, இல்லாத வளத்தை இருப்பதாகக் காட்டும். உங்கள் மண்ணில் சுண்ணாம்பு உண்டா என்று பார்க்க, பொடித்த மண்ணில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள், நுரைத்தால் உண்டு.

எச்சரிக்கை: இந்தச் சோதனையில் அடர் கந்தக அமிலமும் பொட்டாசியம் டைகுரோமேட்டும் சேர்கின்றன. ஒன்று சதையை எரிக்கும், இன்னொன்று புற்றுநோய் தரக்கூடியது. காணொளி பார்த்து வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ செய்ய முனையாதீர்கள். சிவகாசிப் பக்கம் ரசாயனம் கையில் கிடைப்பது எளிது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எண்ணைக் கணக்காக மாற்றுங்கள்

சதவீதத்தைப் பார்த்தால் மனசில் எதுவும் நிற்காது. கிலோவில் பாருங்கள். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். மேல் 15 செ.மீ. மண், அடர்த்தி 1.3 என்றால்:

4,047 × 0.15 × 1.3 = ஏறத்தாழ 790 டன் மண்.

கரிமம் 0.3 சதவீதம் என்றால் ஏக்கரில் 2.4 டன் கரிமம். அதை 0.4 ஆக்க இன்னும் 790 கிலோ கரிமம் மண்ணிலேயே தங்க வேண்டும். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போட்டால், பாதி ஈரம் போக, காய்ந்ததில் கால் பங்கு கரிமம் என்று வைத்தாலும், உள்ளே போவது 625 கிலோதான். அதிலும் பெரும்பங்கு சில ஆண்டுகளில் நுண்ணுயிர்களின் மூச்சாக வெளியேறிவிடும். ஆகவே "ஒரே வருடத்தில் கரிமத்தை இரட்டிப்பாக்கும்" என்று விற்கப்படும் எந்தப் பாட்டிலையும் வாங்காதீர்கள். பாட்டிலுக்குள் 790 கிலோ அடங்காது.

2015 பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது அறிவிக்கப்பட்ட 'ஆயிரத்துக்கு நான்கு' முயற்சி, மண்ணின் கரிம இருப்பை ஆண்டுக்கு 0.4 சதவீதம் பெருக்கச் சொல்கிறது. நம் ஏக்கரின் மேல் மண்ணில் அது ஏறக்குறைய 10 கிலோ. சின்ன எண்தான். ஆனால் வெயில் கரைப்பதை ஈடுகட்டிவிட்டு, அதற்கு மேல் பத்துக் கிலோ சேர்க்க வேண்டும்.

அடர்த்தியைச் சரியாக அறிய, உள்விட்டம் 5 செ.மீ., நீளம் 15 செ.மீ. உள்ள இரும்புக் குழாயை மரக்கட்டை வைத்து அடித்து இறக்கி, மண்ணோடு சுற்றிலும் தோண்டி எடுத்து, ஆய்வகத்தில் 105 டிகிரியில் உலர்த்தி எடை போடச் சொல்லுங்கள். கொள்ளளவு 294 கன செ.மீ.; 382 கிராம் இருந்தால் அடர்த்தி 1.3. கரிசல் ஈரத்தில் வீங்கி, காய்ந்தால் சுருங்கும். எனவே மழைக்குப் பிறகு உழவுப் பதம் வந்த அன்றே எடுங்கள். மறுமுறையும் அதே பதத்தில்.

ஒரு வருடத்தில் 0.05 ஏறியது என்று மகிழாதீர்கள், இறங்கியது என்று கலங்காதீர்கள். அது சோதனையின் ஆட்டத்துக்குள் அடங்கிவிடும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும்.

இழப்பை நிறுத்துங்கள், பிறகு சேருங்கள்

கோயம்புத்தூரில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர எருச் சோதனை வயல் நமக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது: தொழு உரம் விடாமல் போட்ட பாத்திகளில் கரிமம் மற்றப் பாத்திகளைவிட உயர்ந்து நிற்கிறது. விடாமல் போட்டதுதான் அங்கே வேலை செய்தது. ஒரு வருடம் பத்து வண்டி, பிறகு ஐந்து வருடம் ஒன்றுமில்லை என்பதைவிட, வருடந்தோறும் இரண்டு வண்டி மேல்.

நம் பகுதியில் கரிமம் வெளியேறும் பெரிய வாசல்கள் மூன்று. பருத்தி மாரையும் மக்காச்சோளத் தட்டையையும் கொளுத்துவது. ஆட்டுப் புழுக்கையையும் தொழு உரத்தையும் லாரியில் வெளியூருக்கு விற்றுவிட்டு, உரமூட்டை வாங்குவது. ரொட்டவேட்டரை இரண்டு மூன்று முறை ஓட்டி மண்ணை மாவாக்கி, அடுத்த பெருமழையில் வைப்பாற்றுக்கு அனுப்புவது. இவற்றை அடைக்காமல் மேலே கொட்டுவதெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றுவதுதான். கோடை உழவு ஒன்று போதும். அதைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள்.

*கிடை.* நமக்கு வாய்த்த முறைகளில் இதைத்தான் முதலில் சொல்வேன். மாசிக்குப் பிறகு கீதாரிகள் ஆடுகளோடு வருவார்கள். ஒரே இடத்தில் பல இரவு அடைக்காமல், தினம் பட்டியை நகர்த்தச் சொல்லுங்கள். கிடை எழுந்த ஓரிரு நாளில் மேலோட்டமாக ஒரு உழவு போட்டு மூடுங்கள். இல்லையேல் வெயிலில் தழைச்சத்து பறந்துவிடும். ஆட்டெரு அந்த வருடம், மாட்டெரு மறுவருடம் என்பார்கள். கரிமத்துக்கு இரண்டும் வேண்டும்.

*கரம்பை.* கண்மாய் வண்டல் களியையும் மக்கையும் சேர்த்துத் தரும். செவல் நிலத்துக்கு இது அருமருந்து. கரிசலுக்கு அவ்வளவு தேவையில்லை. வட்டாட்சியர் அனுமதி பெற்றுத்தான் அள்ள வேண்டும். புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை அனுமதி உண்டு. பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கனம் வரும்.

*பருத்தி மார்.* இதை வயலோரம் குவித்துவைத்தால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பருவம்வரை அதில் தங்கும். டிராக்டரில் பூட்டும் துகளாக்கும் கருவி வாடகைக்குக் கிடைத்தால், அறுவடை முடிந்ததும் நறுக்கிப் பரப்புங்கள். குவியலைக் கலைக்கும்போது பூட்ஸ், கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். கட்டுவிரியனும் தேளும் அதற்குள்தான் குடியிருக்கும்.

*ஊடுபயிர்.* பருத்திக்கு இடையே உளுந்தோ பாசியோ விதையுங்கள். தரிசு விடும் துண்டில் கொளுஞ்சி தூவுங்கள். அது வறட்சி தாங்கும், ஆடும் அதிகம் கடிக்காது. பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். வேர் மண்ணுக்குள்ளேயே மட்கித் தரும் கரிமம், மேலே போடுவதைவிட நின்று நிலைக்கும்.

உயிர்க்கரி: சிவகாசி வட்டாரத்தில் கூடுதல் கவனத்தோடு

சீமைக்கருவேலும் பருத்தி மாரும் கரியானால், அந்தக் கரி மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். கரிமூட்டம் போடத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம். ஆனால் மூட்டம் நாள்கணக்கில் புகையும். வயலுக்கு வேண்டிய கரிக்குக் கூம்புக் குழி நல்லது. புகை குறைவு, அரை நாளில் முடியும்.

1. மேல்வாய் ஐந்தடி, ஆழம் மூன்றடி, அடி குறுகிய கூம்பாகக் குழி வெட்டுங்கள். வெடிப்புள்ள கரிசலில் வேண்டாம். கங்கு வெடிப்புக்குள் இறங்கி நாள் கழித்துப் புகையும். சுவரை ஈரக் களிமண்ணால் பூசுங்கள்.
2. குறைந்தது 500 லிட்டர் தண்ணீரைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திய பிறகே தீக்குச்சியைத் தொடுங்கள்.
3. நன்றாகக் காய்ந்த மாரை அடுக்கி, மேலிருந்து பற்றவையுங்கள். மேலடுக்கில் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போடுங்கள். முந்தினால் புகை, பிந்தினால் சாம்பல்.
4. குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி முழுக்க அணையுங்கள். கிளறி, மறுபடி ஊற்றுங்கள். பரப்பி ஒரு நாள் முழுக்கக் காவல் இருங்கள். அணைந்தது போலத் தெரியும் கரி காற்றுப்பட்டால் மறுபடி பிடிக்கும்.
5. ஈரமாகவே உடைத்து, சாணக் கரைசலிலோ குப்பையிலோ இரண்டு வாரம் ஊறவிட்டுப் பிறகு வயலில் போடுங்கள். பச்சைக் கரி மண்ணின் தழைச்சத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும்.

என் கருத்து: கரி செவலுக்கு நல்ல துணை. ஏற்கெனவே காரத்தன்மை மிகுந்த கரிசலுக்கு அது இரண்டாம்பட்சம், ஏனென்றால் கரியும் காரமானது. முதலில் ஐந்து சென்டில் போட்டு ஒரு பருவம் பாருங்கள். இன்னொன்று: வாக்லி–பிளாக் சோதனை கரியை முழுதாகக் கணக்கில் எடுக்காது. முடிவில் எண் ஏறவில்லை என்று சோர வேண்டாம்.

இனிக் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியவை.

பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, மருந்துக் கிடங்கு ஆகியவற்றின் வேலி உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் அங்கே தீ மூட்டாதீர்கள். பொறி பறக்கும் தூரத்தை யாரும் அளந்து சொல்ல முடியாது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இந்த மண்ணில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஆனி, ஆடிக் காற்றில் எந்த இடத்திலும் வேண்டாம்.

கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றும் சேர்ந்ததுதான் வெடிமருந்து. இந்த மூன்றும் ஒரு விவசாயியின் கொட்டகையில் ஒன்றாக இருக்க வாய்ப்புண்டு: கரித்தூள், சாம்பல் நோய்க்கு அடிக்கும் நனையும் கந்தகம், சொட்டுநீரில் விடும் 13-0-45. அந்த 13-0-45 பொட்டாசியம் நைட்ரேட்தான், வெடியுப்பேதான். மூன்றையும் தனித்தனி இடத்தில் வையுங்கள். ஒரே முறத்திலோ வாளியிலோ கையாளாதீர்கள். கரியை எப்போதும் ஈரமாகவே வையுங்கள்.

பட்டாசு ஆலையிலிருந்து வரும் எந்தக் கழிவும், வெடித்த காகிதம் உட்பட, குப்பைக்குழிக்குப் போகக் கூடாது. வெடிக்காத மருந்து அதில் ஒட்டியிருக்கும். பேரியம் உப்புகளுக்கு 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பழைய கழிவில் அவை இருக்கக்கூடும், தண்ணீரில் கரையும் பேரியம் நஞ்சு. அச்சக மைக் கழிவும் வேண்டாம். மருந்து தோய்க்காத வெறும் தீக்குச்சி மரத்தூள் மட்டும் சாணத்தோடு சேர்த்து மக்கவைக்கலாம்.

மண்ணில் கரிமம் சேர்த்தால் பணம் தருகிறோம் என்று வருபவர்களிடம்

மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை வருடம் நிலத்தைக் கட்டிப்போடுகிறீர்கள்? மண் சோதனைச் செலவு யாருடையது? மழை பொய்த்துக் கரிமம் இறங்கினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? பதில் எழுத்தில், தமிழில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் அளவீடு உங்கள் கையில் இருந்தால்தான் அவர்கள் காட்டும் எண்ணோடு ஒப்பிட முடியும்.

ஆகவே வருகிற பங்குனிக் கடைசியில், உழவுக்கு முன், மண்வெட்டிக் காம்பில் அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குங்கள். பைக்குள் சீட்டு வைக்க மறக்காதீர்கள்.